வற்றலுக்கு வெயில் தேடி

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரும் வெளியே கையை நீட்டுவதில்லை. போனைத் தடவிப் பார்க்கிறார்கள். எங்கள் மணக்காட்டுத் தெருவில் எதிர்வீட்டுக்காரன் ஒருத்தன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, போன மாதம் வாசலில் நனைந்துகொண்டே நின்று என்னிடம் சொல்கிறான், "மழ நாலு மணிக்குத்தான் அங்கிள்." அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "செரி மக்கா, அப்ப நாலு மணிக்குத் தலையைத் துவர்த்திக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இதில் சதவிகிதம் வேறு. இன்று நாற்பது சதவிகிதம் மழை என்பார்கள். திருவனந்தபுரத்துக் கடைத்தெருவான சாலைக் கம்போளத்தில் ஐம்பது வருஷம் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தவன் நான். ஒரு கிலோ உளுந்து கேட்டவனிடம், 'நாற்பது சதவிகிதம் உளுந்து, மிச்சம் உன் தலையெழுத்து' என்று பொட்டலத்தை நீட்டியிருந்தால் என்னைக் கடையோடு தூக்கிக் கிள்ளியாற்றில் போட்டிருப்பான். மழைக்காரனை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. என் மருமகள் நீது பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள், பேச்சில் பாதி மலையாளம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு தூறல் விழுந்தாலும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. இந்த ஆனி மாதக் கடைசியில் வற்றல் விஷயமாக அது முற்றிவிட்டது.

நீதுவின் மகள், என் பேத்தி திவ்யலட்சுமிக்கு வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம், பணகுடி. கல்யாணம் இங்கே, திருவனந்தபுரத்தில். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகநயினாருக்கு நேர் எதிரே நான் நின்று பரிமாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இலையிலிருந்து ஒரு கூழ்வற்றலை எடுத்தார். ஒடித்தார். அது ஒடியவில்லை, வளைந்தது. மறுபக்கம் ஒடித்தார். அந்தப் பக்கமும் வளைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "உங்க ஊர்ல வத்தலைப் பாயசத்துல ஊறவச்சுத்தான் போடுவீயளோ, அண்ணாச்சி?" என்றார்.

பந்தி சிரித்தது. என் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அவர்கள் பெயர்களை ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண் வீட்டிலிருந்து சீர் கொண்டுபோய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். அந்தச் சீரில் ஐந்நூறு கூழ்வற்றல் வைப்பது, பொரித்து ஒடித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாசி பங்குனியில் போட்ட வற்றல் எல்லாம் கல்யாணத்தோடு தீர்ந்துபோயிருந்தது. ஆடி பிறக்க ஆறு நாள்தான் இருந்தது. வெளியே மழை.

"மாமா, வெறுதே டென்ஷன் ஆகாதீங்க. கடையிலே பாக்கெட்டு கிட்டும்" என்றாள் நீது.

"கடைக்காரன் நான். கடைச்சரக்கு என்னன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. என் வீட்டுக்காரி மங்கலம் நாலு மணிக்கே எழுந்து அரிசிமாவைக் கரைத்து, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் பழைய வேட்டிகளை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். நான் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு காக்காய்க்குக் காவல் இருந்தேன். பத்தேமுக்காலுக்கு வானம் கருத்தது. பத்தே ஐம்பதுக்கு வற்றல் எல்லாம் மறுபடி கூழாகி ஓட்டைக் குழாய் வழியாக முற்றத்துக்கு வந்துவிட்டது. நீதுவின் போனில் அப்போதும் ஒரு மஞ்சள் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா உன் சூரியனை?" என்றேன்.

"அது ஏர்ப்போர்ட் பக்கத்து நிலவரம் மாமா. அங்க இப்ப வெயிலாத்தான் இருக்கும்."

நான் நம்பவில்லை. ஏர்ப்போர்ட்டை ஒட்டிய வலியதுறையில் இருக்கிற பழைய கடைச்சிப்பந்தி ஒருவனுக்குப் போன் செய்து கேட்டேன். கண் கூசுகிறது என்றான். மறுநாள் கூழும் கையுமாக ஆட்டோவில் அவன் வீட்டு மாடிக்குப் போனோம். கடல் எதிரே. வெயிலும் இருந்தது, சாயங்காலம்வரை ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் வற்றல் காயவில்லை. தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. வேட்டியும் காயவில்லை. நானும் காயவில்லை.

"கடல்காத்து முழுக்க ஈரம் மாமா. எங்ஙனே காயும்?" என்றாள் நீது ராத்திரிச் சாப்பாட்டில். "ஒரே ஜில்லா, ஒரே நாள். பொன்முடி மேலே ஸ்வெட்டர் போடணும், சங்குமுகத்திலே விசிறி வேணும். உயரம் ஒரு காரணம், கடல் ஒரு காரணம்."

"ரெண்டு இடத்துக்கும் ஒரே கலெக்டர்தானே?"

"அதுக்கும் மழைக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"நீ சொல்லுறதுக்கு மட்டும் என்ன சம்பந்தம்?"

மங்கலம் குழம்புச் சட்டியை நடுவில் வைத்தாள். எங்கள் வீட்டில் வாக்குவாதம் முடிவது அப்படித்தான்.

புதன்கிழமை ராஜையன் போன் செய்தான். காவல்கிணற்றுக்காரன். முப்பது வருஷம் என் கடைக்குக் கருப்பட்டி போட்டவன். கருப்பட்டியில் அவன் கல் கலந்ததில்லை, பேச்சில் கலப்பான்.

"என்ன மொதலாளி, அங்க மழை எப்பிடி?"

"ஊத்துது. அங்க?"

"இங்க மழையா? பேஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஆடு தரையை நக்கிக்கிட்டு கெடக்கு."

இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் கூட இல்லை. இங்கே தெருவில் முழங்கால் வெள்ளம், அங்கே ஆடு தரையை நக்குகிறதாம். நான் நீதுவிடம் சொன்னேன். அவள் உடனே, "சத்யம்தான் மாமா. ஆரல்வாய்மொழி தாண்டினா மழை நிழல்" என்றாள். மரத்துக்கு நிழல் உண்டு, மழைக்கு நிழலாம்.

சரி, ராஜையன் பொய்யைப் பிடித்த மாதிரியும் இருக்கும், ஒருவேளை வெயில் இருந்தால் வற்றல் காய்ந்த மாதிரியும் இருக்கும் என்று வியாழக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். நீது லீவு போட்டுக் கார் ஓட்டினாள். மகன் தாணுமாலையன் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றான். அரிசிமாவு, மிளகாய், பெரிய பாத்திரம், துணிமூட்டை எல்லாம் பின்னால் மங்கலத்தோடு.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ராஜையன் வீட்டிலிருந்து சம்பந்தி ஊர் எட்டிப்பிடிக்கும் தூரம். சீர் வற்றலை அந்த ஊர்ப்பக்கம் வந்து காயப்போட்டோம் என்று தெரிந்தால் ஆறுமுகநயினார் அடுத்த பந்தியில் என்னையே இலையில் வைத்துவிடுவார். ஆகவே காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நெய்யாற்றின்கரையில் மழை. மார்த்தாண்டத்தில் மழை. நாகர்கோவிலில் கண்ணாடித் துடைப்பான் ஒடிந்துவிடும் போல மழை. தோவாளையில் தூறல். இடதுபக்கம் மலை, மேகம் அதன் தோளில் ஈரத்துண்டு மாதிரி தொங்கியது.

"பாருங்க மாமா" என்றாள் நீது. "காத்து கடல்லேருந்து வெள்ளத்தைச் சுமந்துக்கிட்டு வருது. மலையிலே முட்டி மேலே ஏறுது. ஏற ஏறக் குளிர்ந்து தணுக்குது. தணுத்தா மழை. எல்லாத்தையும் நம்ம பக்கமே கொட்டிட்டு வெறுங்கையோட அந்தப் பக்கம் இறங்குது."

"அப்ப ஐப்பசியிலே பணகுடிக்கு எப்படி மழை வருது? அன்னிக்கு மலை லீவா?"

"அப்ப காத்து திசை மாறிடும் மாமா. வடகிழக்கிலேருந்து வரும். அந்தப் பக்கத்துக் கடல்."

"காத்துக்கே ஒரு நிலை இல்ல. அதை வச்சு நீ பிள்ளைகளுக்குப் பரீச்சை வைக்கிற."

ஆரல்வாய்மொழி தாண்டியதும் நான் வாயை மூடிக்கொண்டேன். வெயில். சும்மா வெயில் இல்லை, புளி காயப்போடலாம். ரோடு வெள்ளையாக வறண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றின. ராஜையன் பொய் சொல்லவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவன் வீட்டில் இறங்கக் கார் கதவைத் திறந்தேன். கதவு திருப்பி என்னை உள்ளே தள்ளியது. மறுபடி திறந்தேன், மறுபடி தள்ளியது. ராஜையன் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட பிறகுதான் இறங்க முடிந்தது.

"என்னடே காத்து இப்பிடி?"

"இது காத்தா மொதலாளி? இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

மங்கலமும் ராஜையன் பெண்சாதியும் கொல்லை அடுப்பில் கூழ் காய்ச்சினார்கள். ராஜையன் வீட்டுக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி ஒரு இடத்தைக் காட்டினான். "இங்க விரிங்க. சுவர் காத்தைத் தடுக்கும்."

எனக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய வெளியை விட்டுவிட்டு ஏன் சுவர் ஓரம்? மத்தியானம் சுவர் நிழல் விழாதா? "வெயிலுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது? அந்தா அந்த நடுவெளியிலே விரி" என்றேன்.

"மொதலாளி, பறந்துரும்."

"கூழ் பறக்குமா? நான் எழுபத்துநாலு வயசுக்குள்ள கூழ் பறந்து பாத்ததில்லை."

நாலு மூலைக்கும் கல் வைத்து விரித்தோம். கூழும் ஊற்றியாயிற்று. துணி அசையவே இல்லை. ராஜையனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

வற்றல் காய்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பதினொன்றுக்கு ஓரம் சுருள ஆரம்பித்தது. ஒரு மணிக்கு விரலால் தட்டினால் டக் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. வைகாசியிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். ஈரமாக இருந்தவரை வற்றல் கனத்துக் கிடந்தது. காய்ந்தபிறகு அதில் கனம் ஏது என்று எனக்குத் தோன்றவில்லை. பூகோளம் படித்தவளுக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் இரண்டாவது தடவை ரசம் கேட்டபோது வெளியே படபடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் நாலு துணியும் கல்லை உதறிவிட்டு எழுந்து நிற்கின்றன. நின்றன என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு ஐந்நூறு வற்றலையும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிழக்கே கிளம்பின.

கையில் ரசச்சோற்றோடு ஓடினேன். ராஜையன் ஓடினான். நீது சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் தாண்டி ஓடினாள். மங்கலம் வாசலில் நின்று, "சிவப்புக்கரை! சிவப்புக்கரையைப் பிடிங்க! அதை முதல்ல பிடிங்க!" என்று கத்தினாள். எல்லாம் ஒரே வற்றல்தானே, இவள் எதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று துணிகள் வேலியில் மாட்டிக்கொண்டன. நாலாவது, மங்கலம் சொன்ன சிவப்புக்கரை, வேலியைத் தாண்டிப் போய் ரோட்டோரத்து முள் உடைமரத்தின்மேல் போர்வை மாதிரி விழுந்தது. அந்த மரத்தடியில்தான் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுத் தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

ஆறுமுகநயினார்.

"நான்தான் சொல்லி விட்டேன்" என்றான் ராஜையன் மூச்சு வாங்க. "சம்பந்தி இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா நல்லா இருக்குமா மொதலாளி?"

அவனை அப்போதே உடைமரத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஆறுமுகநயினார் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். வேட்டியின் கரையை விரலால் தடவினார். சிவப்புப் பட்டுக்கரை, ஓரத்தில் ஜரிகை. கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் கையால் எனக்குப் போர்த்திய சம்பந்தி மரியாதை வேட்டி.

நான் மங்கலத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மெதுவாக வந்து, "வீட்டிலே ஒரு துணியாவது காஞ்சிருக்கா? நாலு நாளா எல்லாம் கொடியிலே ஈரமாத் தொங்குது. பெட்டியிலே இது ஒண்ணுதான் காஞ்சு இருந்துது" என்றாள்.

ஆறுமுகநயினார் தொண்டையைக் கனைத்தார். "நான் போத்துனது உங்களுக்கு, அண்ணாச்சி. நீங்க உடைமரத்துக்குப் போத்திட்டீய."

நான் தலையைக் குனிந்தேன். கையில் ரசச்சோறு காய்ந்துபோயிருந்தது. அந்த ஊரில் அதுவும் அப்படித்தான்.

அவர் வேட்டியிலிருந்து ஒரு வற்றலை உரித்தார். ஒடித்தார்.

டக்.

இன்னொன்றை ஒடித்தார். டக். பிறகு பச்சையாகவே வாயில் போட்டுக் கடித்தார். அந்தக் காற்றிலும் எனக்குக் கேட்டது. "ம்" என்றார். "இது வத்தல். யார் கைப்பக்குவம், மதினியா?"

"எங்க வீட்டு வத்தல்" என்றேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

"மாவு உங்களுது. காத்து யாருது? வெயில் யாருது? மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் நீங்களே பிடிச்சு வச்சுக்கிடுதீய. மிச்ச வெறுங்காத்து எங்களுக்கு. அதுல காஞ்ச வத்தலுக்காவது எங்க பேரைச் சொல்லப்படாதா?"

"நாங்க எங்க பிடிச்சோம்? அது தானா பெய்யுது."

நீது இடையில் புகுந்து, "சம்பந்தி சொல்லுறது சரிதான் மாமா. அந்தக் கணவாய் வழியா காத்து நெருங்கி வர்றதாலேதான் வேகம்" என்று ஆரம்பித்தாள். சம்பந்தி தலையாட்டிக் கேட்டார். பாடம் கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

முள்ளில் மாட்டியதை எல்லாம் பொறுக்கினோம். நானூற்றுச் சொச்சம் தேறியது. பெரிய டின்னில் போட்டு மூடிக் காரில் வைக்கப் போனபோது நீது மறித்தாள்.

"மாமா, இதை அங்க கொண்டுபோனா ஞாயித்துக்கிழமைக்குள்ளே நமுத்துப்போகும். திரும்ப இங்கதானே கொண்டு வரணும்? இங்கயே இருக்கட்டும்."

"சீர் பொண்ணு வீட்டிலேருந்துதான் புறப்படணும்."

"வளைஞ்ச வத்தலாவா?"

"டின் மூடியிருக்கு. எப்படி நமுக்கும்? மூடியைத் திறந்துக்கிட்டா ஈரம் உள்ளே போகும்?"

சம்பந்தி மரத்தடியில் நின்று வேறு எங்கோ பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம், ஐந்நூறு வற்றலுக்காக மூன்று நாள் தூக்கம் கெட்டவன். இன்னொரு பக்கம் முறை. நமுத்த வற்றலோடு மறுபடி அவர் முன்னால் நிற்பதா, முறை தவறிய வற்றலோடு நிற்பதா?

மங்கலம்தான் வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நாம இங்க இறங்குவோம். மத்த சீரெல்லாம் இங்க வச்சு, இவங்க வீட்டுக் குத்துவிளக்கை ஏத்தி, டின்னையும் சேத்து எடுத்துக்கிட்டுப் புறப்படுவோம். ஒரு மணிக்கூர் இது பொண்ணு வீடு. ராஜையன் என்ன அன்னியமா?"

ராஜையன் உடனே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"நான் இன்னிக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை" என்றார் ஆறுமுகநயினார். "வத்தலையும் பாக்கல, வேட்டியையும் பாக்கல." பைக்கில் ஏறியவர் திரும்பி, "அண்ணாச்சி, அன்னிக்கு அந்த வேட்டியைக் கட்டிக்கிட்டு வாங்க. துவைச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி என்றேன். ஆனால் நீது ஜெயித்ததாக நினைக்கக் கூடாது. யாரும் பார்க்காமல் பத்து வற்றலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊரில் போய் அவள் கண்முன்னால் ஒடித்துக் காட்டினால் மலை, மேகம், ஈரக்காற்று எல்லாம் அதோடு தீர்ந்தது. ஆரல்வாய்மொழி தாண்டியதும் மழை ஆரம்பித்தது. வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை நீது பள்ளிக்கூடம் புறப்படும் முன் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கொடியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு வற்றலை எடுத்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு ராத்திரி ஆச்சு. நல்லாக் கேட்டுக்கோ" என்று ஒடித்தேன்.

வளைந்தது.

அடுத்ததை எடுத்தேன். அது இன்னும் மரியாதையாக வளைந்தது. நீது காப்பி டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிட அவள் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"என்ன, ஒடியல்லியா?" என்றாள் மங்கலம் அடுப்படியிலிருந்து.

"சட்டைப்பையிலே வெயர்வை" என்றேன். "வெயர்வைபட்டா இரும்பும்தான் வளையும்."

"மாமா, காத்திலே ஈரம் இருக்குன்னு இனியாவது..."

"காத்திலே ஈரம் இருந்தா நான் இங்க நிக்கேனே, நனைஞ்சா நிக்கேன்?"

பதிலுக்கு நிற்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கி சாலைக் கம்போளத்துப் பக்கம் நடந்தேன். மலை தடுக்கிறதாம். நின்ற இடத்திலிருந்து ஒரு அடி நகராதது, பறக்கிற மேகத்தை எப்படிப் பிடிக்கும்? மிச்ச எட்டு வற்றலும் பையில் இருந்தன. கிழக்கேகோட்டை போவதற்குள் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றாவது நல்லதாக இருக்கும்.